பழைய ஜீப்பில் டீசல் மீட்டர் தப்பாகக் காட்டுகிறது: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

மஞ்சூர் ஜீப்:

எல்லோருக்கும் வணக்கம். 90களில் வந்த டீசல் ஜீப், 12 வோல்ட். டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, 40 லிட்டர் பிடிக்கும். டீசல் மீட்டர் சில மாதமாகச் சரியில்லை. கவனித்ததை அப்படியே எழுதுகிறேன்.

டேங்க் நிறைய அடித்தாலும் முள் முக்காலைத் தாண்டுவதில்லை. ஆனால் அடிமட்டத்துக்கு வரும்போது ஏறக்குறைய சரியாகவே காட்டுகிறது. அரை டேங்க் இருக்கும்போது முள் திடீரென்று கீழே படுத்துவிடும், கொஞ்ச தூரம் போனதும் தானாக எழும். பனிமூட்டத்தில் லைட் போட்டு ஓட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. ஏற்றத்தில் ஒரு அளவு, இறக்கத்தில் வேறு அளவு. பக்கத்திலேயே இருக்கும் ஹீட் மீட்டரில் (எஞ்சின் சூட்டைக் காட்டுவது) எந்தக் குறையும் இல்லை.

மீட்டர், டேங்க் யூனிட் (டேங்குக்குள் ஃப்ளோட் என்ற மிதவையை வைத்து டீசல் மட்டத்தை அளக்கும் பாகம்) இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். மாற்றுவதற்கு முன் எது கெட்டது என்று தெரிய வேண்டும். நீலகிரி மலையில் கிண்ணக்கொரை பக்கமும், கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் பாதையிலும் போகிற வண்டி. டீசல் வண்டி நடுவழியில் வறண்டு நின்றால் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, ஏர் எடுக்கவும் (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றவும்) வேண்டும். அதனால் மீட்டரை நம்பும்படி செய்தாக வேண்டும். மல்டிமீட்டர் கையில் இருக்கிறது.

கூடலூர் 4 சக்கரம்:

கடையில் மீட்டரும் ஃப்ளோட்டும் சேர்ந்த செட் கிடைக்கிறது அண்ணா. பழசைத் தோண்டிக்கொண்டிருப்பதைவிட அதையே போட்டுவிடலாம். ஒரு மணி நேர வேலை.

கோத்தகிரி ஒயரிங்:

இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு. இது ஒரே கோளாறு இல்லை, மூணு தனித்தனிக் கோளாறு ஒண்ணா சேர்ந்து தெரியுது. புது செட் போட்டா ஒண்ணு சரியாகும், மத்த ரெண்டும் அப்படியே நிக்கும். அப்புறம் புது மீட்டர் மேல பழி விழும்.

முதல்ல ஹீட் மீட்டர் சரியா இருக்குன்னு சொன்னீங்களே, அது பெரிய தகவல். இக்னிஷன் போட்டதும் முள் மெதுவா, அரை நிமிஷம் எடுத்து ஏறுற மீட்டரா உங்களுது? அப்படீன்னா உள்ளே ரெண்டு உலோகம் ஒட்டின பட்டை, அதைச் சுத்திக் கம்பி. மின்சாரம் போனா பட்டை சூடாகி வளையும், முள்ளைத் தள்ளும். இந்த வகை மீட்டருக்கு பேட்டரி ஏத்த இறக்கம் ஆகாது. அதனால டேஷ்போர்டுக்குப் பின்னால ஒரு சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும், டீசலுக்கும் ஹீட்டுக்கும் சேர்த்து ஒண்ணுதான். அது கெட்டா ரெண்டு முள்ளும் சேர்ந்து தப்புக் காட்டும்: ரெண்டும் ஏறி நிக்கும், இல்லைன்னா ரெண்டும் படுத்துக்கும். உங்களுக்கு ஒண்ணு மட்டும்தான் தப்பு. அதனால ஸ்டெபிலைசரைத் தொடவே வேண்டாம்.

இனி தப்பு எந்த மட்டத்துல வருதுன்னு பாருங்க. இந்த வகையில டேங்க் யூனிட்டோட ரெசிஸ்டன்ஸ் ஃபுல்லுல குறைவா இருக்கும், காலியில அதிகமா இருக்கும். ஒயர்ல எங்கயோ களிம்பு பிடிச்சு 15 ஓம் கூடிப்போச்சுன்னு வைங்க. காலியில 240 ஓம் இருக்குற இடத்துல 255 ஆனா முள்ளுக்கு வித்தியாசமே தெரியாது. ஃபுல்லுல 33 இருக்குற இடத்துல 48 ஆனா முள் முக்காலுக்கு இறங்கிடும். அதாவது ஃபுல்லுல குறைவு, காலியில சரி. உங்க வண்டியில இருக்குறது அதேதான். ஃப்ளோட் கம்பி வளைஞ்சிருந்தா ஃபுல்லுல, அரையில, காலியில எல்லா மட்டத்துலயும் ஒரே பக்கமா தள்ளிக் காட்டும். நடுவுல ஒரு இடத்துல மட்டும் முள் விழுந்து எழுந்தா, யூனிட்டுக்குள்ள இருக்குற ரெசிஸ்டன்ஸ் கம்பிச் சுருள் அந்த இடத்துல தேய்ஞ்சு போச்சு. லைட் போட்டா இறங்குறது எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போற இணைப்பு) கோளாறு.

இதை உறுதிப்படுத்த ஒரு ரெசிஸ்டர் போதும். வண்டி சமதளத்துல, டேங்க் நிறைய. டேங்க் யூனிட் தலையில இருக்குற ஒயரைக் கழட்டிட்டு, யூனிட் முனைக்கும் அதே யூனிட்டோட தகட்டுக்கும் நடுவுல ஓம் பாருங்க. அதுக்குக் கிட்டத்துல வர்ற ரெசிஸ்டர் ஒண்ணு, 2 வாட், எலக்ட்ரானிக்ஸ் கடையில வாங்கிக்கோங்க. 33 ஓம் எல்லா இடத்துலயும் கிடைக்கும். அதை மூணு இடத்துல வெச்சுப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம் பொறுத்து முள்ளைப் படிங்க.

முதல் இடம், டேஷ்போர்டுக்குப் பின்னால. மீட்டர்ல டேங்க் ஒயர் வர்ற முனையில இருந்து அந்த ஒயரைக் கழட்டிட்டு, ரெசிஸ்டர் வழியா நேரா பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தனி ஒயர். முள் ஃபுல்லுக்கு வந்தா மீட்டர் நல்லா இருக்கு, அந்தப் பக்கம் மறந்துடலாம். ரெண்டாவது, மீட்டர் ஒயரைப் பழையபடி மாட்டிட்டு, டேங்க் பக்கத்து ஒயர் முனையில இருந்து ரெசிஸ்டர் வழியா அதே பேட்டரி நெகட்டிவுக்கு. இப்போ குறைஞ்சா நடுவுல வர்ற ஒயர் கோளாறு. மூணாவது, ரெசிஸ்டரோட மறுமுனையை பேட்டரிக்குப் பதிலா டேங்க் தகட்டுல வைங்க, லைட் போட்டுப் பாருங்க. இப்போ இறங்கினா எர்த்.

ஒயரை நேரா எர்த்துல தொட்டுப் பார்க்குற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கு. இந்தப் பட்டை வகை மீட்டர்ல அதைச் செய்யாதீங்க. முள் ஃபுல்லைத் தாண்டிப் போய் முட்டும், அப்படியே விட்டா பட்டை நிரந்தரமா வளைஞ்சு போகலாம். நல்ல மீட்டர் கெட்டுப்போறது இப்படித்தான்.

எர்த்தை மட்டும் ஓம்ல வெச்சுப் பார்க்காதீங்க. 0.2 ஓம் எல்லாம் சாதா மல்டிமீட்டர்ல பிடிபடாது. மின்சாரம் ஓடும்போது வோல்ட் பாருங்க: சிவப்பு முனை டேங்க் தகட்டுல, கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல. லைட் போட்டு, ஒருத்தரை பிரேக்கை அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லது.

அருவங்காடு ஃபிட்டர்:

கோத்தகிரிக்காரர் சொன்ன வரிசையிலேயே போங்கள். செட் மாற்றச் சொன்ன தம்பிக்கு ஒரு விஷயம். கடையில் வரும் செட்கள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. 240 ஓம் காலி, 33 ஓம் ஃபுல் என்று ஒரு வகை. 0 காலி, 90 ஃபுல் என்று இன்னொன்று. 10 காலி, 180 ஃபுல் என்று மூன்றாவது. யூனிட்டை மட்டும் மாற்றும்போது வகை மாறிப்போனால் டேங்க் காலியாகக் காலியாக முள் ஏறும். மீட்டரும் யூனிட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். கடையில் காசு கொடுக்கும் முன்பே மல்டிமீட்டரை வைத்து, ஃப்ளோட்டை மேலும் கீழும் தூக்கி இரண்டு எண்ணையும் பார்த்துக்கொள்ளலாம், அரை நிமிடம் ஆகும். ஆழமும் பார்க்க வேண்டும். 20 சென்டிமீட்டர் டேங்குக்குச் செய்த கம்பியை 25 சென்டிமீட்டர் டேங்கில் போட்டால், கடைசி 5 சென்டிமீட்டர் டீசல் மீட்டருக்குத் தெரியவே தெரியாது.

யூனிட்டைக் கழற்றுவது பற்றி. டேங்க் கால் அளவுக்குக் கீழே இருக்கும்போது கழற்றுங்கள். பேட்டரி நெகட்டிவை எடுத்துவிடுங்கள். சீட்டைத் தூக்கியதும் யூனிட்டைச் சுற்றி ஒரு விரல் தடிமனுக்கு மண்ணும் எண்ணெயும் உறைந்திருக்கும். அதை பிரஷ்ஷால், பிறகு டீசல் நனைத்த துணியால் சுத்தம் செய்யாமல் ஸ்குரூவில் கை வைக்காதீர்கள். அந்த மண் உள்ளே விழுந்தால் ஃபில்டர் வரை போய் அடைக்கும். யூனிட்டின் வட்டத் தகட்டுக்கும் டேங்குக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கீறல் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஸ்குரூ உள்ள வகையில் துளைகள் சம இடைவெளியில் இருக்காது, ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும், பயமில்லை. மற்ற வகைகளில் திசை மாறி உட்கார்ந்தால் ஃப்ளோட் கம்பி டேங்குக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டில் இடித்து நிற்கும்.

வெளியே எடுத்ததும் ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். பித்தளை ஃப்ளோட்டில் உள்ளே சளசளவென்று சத்தம் வந்தால் ஓட்டை. சந்தேகமாக இருந்தால் கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் எடுத்து அதில் அமுக்குங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் வரும். அதை ஈயம் வைத்து அடைக்கலாம் என்று தீயில் காட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் எண்ணெய் ஆவி வெடிக்கும், பெட்ரோல் வண்டி ஃப்ளோட் என்றால் நிச்சயம் வெடிக்கும். மாற்றிவிடுவதே சரி.

பிறகு மல்டிமீட்டரை யூனிட்டில் மாட்டி, ஃப்ளோட்டை அடியிலிருந்து உச்சி வரை கடிகாரத்தின் வினாடி முள் போகும் வேகத்துக்கு நகர்த்துங்கள். எண் படிப்படியாக இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் எண் காணாமல் போனால் அந்த இடத்தில் சுருள் தேய்ந்துவிட்டது. சுருளின் மேல் கறுப்பாகப் படிந்திருப்பது வெறும் அழுக்கு என்றால் காண்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய துணியால் துடைத்தாலே சரியாகும். எமரி பேப்பர் போடாதீர்கள், அது மயிரிழைக் கம்பி. கம்பியே தேய்ந்து மேடு பள்ளம் ஆகியிருந்தால் யூனிட் மாற்றத்தான் வேண்டும். தொடும் விரலைச் சற்றே பக்கவாட்டில் வளைத்துத் தேயாத பாகத்தில் ஓடவிடலாம் என்று சிலர் செய்வார்கள். ஓடும், ஆனால் அந்த விரல் தகடு பலமுறை வளைவதைத் தாங்காது, உடைந்து டேங்குக்குள் விழும்.

பொதுவாக வண்டி எந்த மட்டத்தில் அதிக நாள் ஓடுகிறதோ அந்த இடத்தில்தான் சுருள் தேயும். பத்து லிட்டர், பத்து லிட்டராக அடித்து ஓட்டும் எஸ்டேட் வண்டிகளில் கால் டேங்க் பக்கம் தேய்ந்திருக்கும். மேல்பாதி புதிது போல இருக்கும்.

மஞ்சூர் ஜீப்:

நன்றி. சொன்னபடி பார்த்துவிட்டேன். முள் மெதுவாக ஏறும் வகைதான். எண்கள்:

ஃபுல் டேங்கில் யூனிட் முனைக்கும் தகட்டுக்கும் 34 ஓம். மீட்டர் பின்னால் கழற்றிய ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் 51 ஓம். 33 ஓம் ரெசிஸ்டர் மீட்டர் பின்னால் வைத்தால் முள் சரியாக ஃபுல்லில் நிற்கிறது. டேங்க் முனையில் ஒயரோடு வைத்தால் முக்கால். டேங்க் தகட்டில் வைத்து, லைட் போட்டு, பிரேக்கை அமுக்கிப் பிடித்தால் இன்னும் ஒரு கோடு இறங்குகிறது, அந்த நேரத்தில் டேங்க் தகட்டில் 0.9 வோல்ட். பிரேக்கை விட்டு லைட் மட்டும் என்றால் 0.2.

ஒரு வாரம் ஓட்டி, கால் டேங்க் ஆனதும் யூனிட்டை வெளியே எடுத்தேன். ஃப்ளோட்டில் ஓட்டை இல்லை. நகர்த்தும்போது 110 ஓம் அருகில் எண் மறைந்து, 95க்குப் பிறகு திரும்ப வருகிறது. டேங்கின் எர்த் ஒயரும் பின் விளக்குகளின் எர்த் ஒயரும் சீட்டுக்குப் பின்னால் தளத்தில் ஒரே போல்ட்டில் இருக்கின்றன.

கோத்தகிரி ஒயரிங்:

இதைவிடத் தெளிவா யாரும் எழுத முடியாது. மீட்டர் நல்லா இருக்கு, அதைத் தொடாதீங்க. யூனிட்ல 34, மீட்டர் கிட்ட 51. நடுவுல 17 ஓம் எங்கயோ தொலையுது. கிட்டத்தட்ட எல்லாமே ஒயர் இணைப்புல இருக்கும். டேஷ்போர்டுல இருந்து பின்னால போற ஒயர் கட்டு, தரைக்கு மேல எங்கயாவது புல்லட் கனெக்டர்ல சேரும். இழுத்துப் பாருங்க, உள்ளே பச்சைக் களிம்பு இருக்கும். மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வர்ற ஊர்ல மூடி இல்லாத கனெக்டர் எல்லாம் இப்படித்தான் ஆகும்.

கனெக்டரைச் சுரண்டி மாட்டினா ரெண்டு மாசம் தாங்கும், அவ்வளவுதான். ஒயரோட பிளாஸ்டிக்கைச் சீவிப் பாருங்க. உள்ளே செம்பு கறுத்திருந்தா, பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டிக்கிட்டே போங்க. 5 சென்டிமீட்டரும் போகலாம், 20 சென்டிமீட்டரும் போகலாம். ஒட்டு ஒயர் சேர்த்து, முறுக்கி, ஈயப்பற்று வெச்சு, மேல ஹீட் ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்க. கழட்ட வேண்டிய இணைப்புன்னா புது கனெக்டர் போட்டு உள்ளே வேஸலின் தடவி மூடுங்க. ஒயர் முழுக்கக் கறுத்திருந்தா டேங்க்ல இருந்து மீட்டர் வரை புதுசா ஒரு ஒயர் இழுத்துடுங்க. இதுல ஓடுறது 0.1 ஆம்பியர் சொச்சம்தான், அதனால ஒயர் மெல்லிசா இருந்தாலும் மின்சாரத்துக்குப் போதும். ஆனா அசைவுல அறுந்து போகாம இருக்க 1 சதுர மில்லிமீட்டர் போடுங்க.

எர்த்துக்கு 0.9 வோல்ட்டே சாட்சி. பிரேக் லைட் ரெண்டு 21 வாட், பின் லைட் ரெண்டு 5 வாட், எல்லாம் சேர்த்து நாலு ஆம்பியருக்கு மேல அந்த ஒரு போல்ட் வழியா போகுது. போல்ட் அடியில துரு 0.2 ஓம் இருந்தாலே டேங்க் தகடு 0.9 வோல்ட் மேல ஏறி நிக்கும். மீட்டருக்குக் கிடைக்குற பத்து வோல்ட்ல அவ்வளவு குறையுது. ஆனா பிரேக்கை ஒரு வினாடி தட்டினா முள் அசையாது, பட்டை ஆற நேரம் வேணும். அதனாலதான் பகல்ல உங்களுக்கு இது கண்ணுல படல. வளைவுக்கு வளைவு பிரேக் மிதிச்சு, லைட்டும் போட்டு, மூட்டத்துல இறங்கும்போது மட்டும் தெரியுது.

டேங்க் எர்த்தை அந்த போல்ட்ல இருந்து எடுத்துடுங்க. யூனிட்டோட ஒரு ஸ்குரூவுல இருந்து தனியா 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், சேஸிஸ்ல பெயின்ட் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிஞ்ச இடத்துல, பல் வாஷர் போட்டு முறுக்குங்க, மேல கிரீஸ் பூசுங்க. பழைய போல்ட்டையும் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க, இல்லைன்னா பின் விளக்கு மங்கிக்கிட்டே போகும். முடிச்சதும் அதே 0.9 பார்த்த மாதிரி திரும்ப வோல்ட் பாருங்க.

110 ஓம் பக்கம் எண் மறையறதுக்கு மருந்து இல்லை, யூனிட் மாத்துங்க. பழசு ஃபுல்லுல 34, அதனால 240க்கு 33 வகைதான் வாங்கணும்.

அருவங்காடு ஃபிட்டர்:

புது யூனிட் போடும்போது கார்க் பேக்கிங்கையும் மாற்றுங்கள். பழைய கார்க் ஒரு முறை எடுத்தால் திரும்ப அடைக்காது. நைட்ரைல் ரப்பர் ஷீட்டில் வெட்டிப் போடலாம். சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம், டீசலில் ஊறி உப்பிப் பிசுபிசுத்து உரிந்து டேங்குக்குள் போகும். ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) மெல்லப் பூசினால் போதும்.

அதோடு வேலை முடியவில்லை. புது யூனிட் வந்தாலும் உங்கள் டேங்குக்கு அது எதைக் காட்டுகிறது என்று ஒரு முறை அளந்து வைத்தால்தான் காட்டுப் பாதையில் நம்ப முடியும். டேங்க் அடி பிளக்கைத் திறந்து முழுக்க வடியுங்கள். இதை இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் கிளப்பும் முன் செய்யுங்கள். முதலில் வரும் கால் லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியாகத் தெளிவான அடுக்கு தெரிந்தால் அது தண்ணீர். பாதி காலியான டேங்கில் குளிர் இரவுகளில் உள்காற்றின் ஈரம் தகட்டில் வேர்த்து இறங்குவது இது. துருவுக்கும் சுருள் அரிப்புக்கும் இதுவே காரணம், அதனால் இரவில் டேங்கை முக்காலுக்கு மேல் வைத்திருப்பது இந்த ஊரில் நல்ல பழக்கம்.

பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நம் ஊரில் கண்ணுக்குச் சமதளமாகத் தெரிவது பெரும்பாலும் சரிவு. கொத்தனாரின் ரசமட்டத்தை டேங்க் மேலேயே நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுங்கள். அளந்த கேனில் 5 லிட்டர் ஊற்றி, இக்னிஷன் போட்டு இரண்டு நிமிடம் விட்டு, முள் எங்கே நிற்கிறது என்று மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய டேப்பில் கோடு போடுங்கள். அடுத்த 5 லிட்டர். முதல் 15 லிட்டரை மட்டும் இரண்டரை இரண்டரையாக ஊற்றுங்கள், உங்களுக்கு முக்கியமானது அந்தப் பாகம்தான். மேல்பாதி சற்றுத் தள்ளிக் காட்டினாலும் பரவாயில்லை. கம்பியை வளைத்துச் சரிசெய்வதாக இருந்தால் காலி முனையைச் சரியாக வைத்துக்கொண்டு மேல் முனையை விட்டுக்கொடுங்கள்.

அப்படியே ஒரு குச்சியும் செய்துகொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்கில் வாய் பெரும்பாலும் நேராகக் கீழே இறங்கும். பெயின்ட் இல்லாத காய்ந்த மரச் சட்டம், விரல் அகலம், ஒவ்வொரு 5 லிட்டருக்கும் கத்தியால் ஒரு வெட்டு. பேனாக் கோடு டீசலில் அழிந்துவிடும்.

ஏற்ற இறக்க வித்தியாசம் கோளாறு இல்லை. உங்கள் டேங்க் 60 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நம் மலை ரயில் கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறும் இடத்தில் கடுமையான சரிவு ஏறக்குறைய 12க்கு 1. அந்தச் சரிவில் வண்டி நின்றால் டேங்கின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் டீசல் மட்டம் 5 சென்டிமீட்டர் வித்தியாசப்படும். ஃப்ளோட் நட்டநடுவில் இருந்தால் மீட்டரில் மாற்றமே இல்லை. நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் மட்டம் ஒன்றேகால் சென்டிமீட்டர் மாறும், அது 2 லிட்டர். எஸ்டேட் மண் பாதைகளில் சரிவு 6க்கு 1 வரை போனால் 4 லிட்டர். வண்டிக்குப் பின்னால் நீளமான தட்டை டேங்க் உள்ள வேன், கார்களில் இது இன்னும் பெரிது. 90 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் ஆழம், ஃப்ளோட் ஓரத்தில் என்றால் 12க்கு 1 சரிவிலேயே டேங்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தப்புக் காட்டும். எந்த யூனிட் மாற்றினாலும் இது போகாது. சமமான இடத்தில் நின்று படிக்க வேண்டியதுதான்.

இதே கணக்கு உறிஞ்சு குழாய்க்கும் உண்டு. கடைசி ஐந்து லிட்டர் சரிவில் ஒரு முனைக்கு ஓடிவிட்டால் குழாய் வாய் வெளியே தெரியும், டேங்கில் டீசல் இருந்தும் எஞ்சின் காற்றை இழுக்கும். அதனால் டேப்பில் 7.5 லிட்டர் கோட்டைச் சிவப்பாக்கி, அதையே உங்கள் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சூர் ஜீப்:

வேலை முடிந்தது. கனெக்டரில் சொன்னபடியே களிம்பு, ஒயர் 12 சென்டிமீட்டர் வெட்டிய பிறகுதான் நல்ல செம்பு வந்தது. எர்த் மாற்றிய பின் பிரேக், லைட் எல்லாம் போட்டு 0.03 வோல்ட். புது யூனிட், மீட்டர் பின்னாலிருந்து பார்த்த அளவு: காலி 238 ஓம், 10 லிட்டர் 152, 20 லிட்டர் 104, 30 லிட்டர் 65, 40 லிட்டர் 35. முள் ஃபுல்லுக்கு வருகிறது.

ஒரே ஒரு சந்தேகம். மேட்டுப்பாளையம் இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிறது. பழைய மூடி தொலைந்து வேறு மூடி போட்டிருக்கிறேன். இதற்கும் மீட்டருக்கும் சம்பந்தம் உண்டா?

அருவங்காடு ஃபிட்டர்:

உண்டு. அந்த மூடியை இன்றே மாற்றுங்கள். காற்றுத் துளை இல்லாத மூடி அது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் சுமார் 77 கிலோ பாஸ்கல். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், அங்கே 97 கிலோ பாஸ்கலுக்கு மேல். மேலே மூடிய டேங்கோடு கீழே இறங்கினால் வெளிக்காற்று டேங்கை நாலா பக்கமும் அமுக்கும். கீழே உள்ள சூட்டில் உள்காற்று விரிந்து கொஞ்சம் ஈடுகட்டினாலும் 10 கிலோ பாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் நிற்கும். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம். 60க்கு 27 சென்டிமீட்டர் அடித்தகட்டில் அது 160 கிலோ. துருப்பிடித்து மெலிந்த தகடு உள்ளே குழியும். குழிந்த அடித்தகட்டில் ஃப்ளோட் உட்கார்ந்துவிட்டால், அதற்குக் கீழே டீசல் போனாலும் முள் இறங்காது. அதோடு லிஃப்ட் பம்ப் டீசலை இழுக்கத் திணறும், வண்டி ஓடி ஓடி நின்றுபோகும்.

துளை உள்ள மூடி கிடைக்கும் வரை இறங்கும்போது ஓரமாக நிறுத்தி ஒருமுறை திறந்து மூடுங்கள். புது மூடியை வாயில் வைத்து ஊதி, உறிஞ்சி, இரண்டு பக்கமும் காற்று போகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். சில மூடிகளில் துளை இருந்தும் மண் அடைத்திருக்கும், மெல்லிய கம்பி விட்டு எடுக்கலாம். டேங்க் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். குழி இருந்தால் இப்போது ஊற்றி அளந்த கணக்கு குழியோடு சேர்ந்த கணக்குதான், அது அப்படியே செல்லும். இனி மேலும் குழியாமல் இருந்தால் சரி.

இன்னொன்று, துளை உள்ள மூடி வந்தபின் ஊட்டிக் குளிரில் வாய் வரை நிரப்பாதீர்கள். டீசல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 0.8 பங்கு விரியும். 40 லிட்டர், 25 டிகிரி சூடேறினால் முக்கால் லிட்டருக்கு மேல் கூடும். அது துளை வழியாக வழிந்து சீட்டுக்கு அடியில் நிற்கும்.

மஞ்சூர் ஜீப்:

மூடியில் ஊதிப் பார்த்தேன், காற்று போகவே இல்லை. டேங்க் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி தட்டுப்படுகிறது. நாளை ஊட்டியில் துளை உள்ள மூடி வாங்குகிறேன். வறண்டு நின்றால் ஏர் எடுக்கும் வரிசையை ஒரு தடவை சொல்லிவிடுங்கள், வண்டியில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

கோத்தகிரி ஒயரிங்:

ஃபில்டர் மேல இருக்குற ஏர் ஸ்குரூவை ரெண்டு சுத்து தளர்த்துங்க. கைப்பம்ப்பை அடிச்சுக்கிட்டே இருங்க, நுரையா வரும். நுரை நின்னு டீசல் மட்டும் வந்ததும் பம்ப் அடிச்சுக்கிட்டே ஸ்குரூவை முறுக்குங்க. அடுத்து இன்ஜெக்டர் பம்ப் மேல இருக்குற ஏர் ஸ்குரூ, அதே மாதிரி. அப்புறம் கிளப்பிப் பாருங்க. கிளம்பலைன்னா இன்ஜெக்டர் பைப் நட்டு ரெண்டை அரைச் சுத்து தளர்த்தி, ஒருத்தர் செல்ஃப் அடிக்கணும், அங்கே டீசல் துளி தெரிஞ்சதும் முறுக்கிடுங்க. அந்த நேரத்துல கையை நட்டுக்குக் கிட்ட வைக்காதீங்க, அழுத்தத்துல வர்ற டீசல் தோலைத் துளைச்சிடும். செல்ஃப் ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல வேண்டாம், நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க. ஏர் எடுக்குறதுக்கு முன்னால குறைஞ்சது 5 லிட்டராவது ஊத்தியிருக்கணும். வண்டி மூக்கு மேல தூக்கி நின்னா 10 லிட்டர், இல்லைன்னா குழாய் வாய்க்கு டீசலே எட்டாது.